எந்தப் படியில் நின்றது? வைஃபையில் சேர மறுக்கும் வீட்டுச் சாதனங்கள்

புதிதாக வாங்கி வந்த ஸ்மார்ட் பிளக்கையோ பல்பையோ பொருத்தி, அதற்குரிய செயலியைக் கைப்பேசியில் இறக்கி, அது கேட்ட கேள்விகளுக்கெல்லாம் பொறுமையாக விடை அளித்து, கடைசியில் திரையில் சுற்றிச் சுற்றி வரும் ஒரு வட்டத்தைப் பார்த்தபடி காத்திருக்கும் கிரகஸ்தருக்கு, 'இணைப்பு தோல்வியுற்றது, மீண்டும் முயலவும்' என்ற ஒற்றை வாக்கியத்துக்கு மேல் அந்தச் செயலி எந்த விளக்கமும் தருவதில்லை. குற்றம் சாதனத்தினுடையதா, ரவுட்டரினுடையதா, கையிலுள்ள கைப்பேசியினுடையதா என்பதை அது சொல்லாது; பெரும்பாலும் அதற்கே தெரியாது. ஆகவே மனிதர் முதலில் அதே காரியத்தை அதே விதமாக மறுபடி செய்கிறார். பிறகு சாதனத்தின் பொத்தானை அழுத்தி ரீசெட் செய்கிறார். அதுவும் பலிக்காதபோது ரவுட்டரின் பின்புறமுள்ள சிறு துவாரத்தில் ஊக்கை நுழைத்து அதையும் ரீசெட் செய்து, அதுவரை ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த டெலிவிஷன் முதலியவற்றையும் நிறுத்தி வைத்து, பிளக் ஒன்று சேராதிருந்த வீட்டை ஒன்றுமே சேராத வீடாக ஆக்கிவிடுகிறார்.

ரீசெட் என்பது கடைசியில் செய்ய வேண்டிய வைத்தியம். அதை முதலில் செய்வது, திருடனின் கால்தடத்தைத் தேட வந்தவர் வாசலைப் பெருக்கித் தண்ணீர் தெளித்துவிட்டுத் தேடத் தொடங்குவதற்கு ஒப்பானது. சாதனம் எதுவரை வந்து நின்றது என்பதற்கான சாட்சியம் அனைத்தும் அதன் விளக்கிலும் ரவுட்டரின் பட்டியலிலும் இருக்கிறது. அதைப் படித்த பிற்பாடு எதை அழித்தாலும் பாதகமில்லை.

படிக்கத் தெரிந்துகொள்வதற்கு, வைஃபையில் 'சேர்வது' என்று நாம் சொல்வது ஒரே காரியமன்று, ஒன்றன்பின் ஒன்றாக நிகழும் ஐந்து காரியங்கள் என்பதை மனத்தில் இருத்த வேண்டும். வீட்டு வைஃபையின் பெயரையும் கடவுச்சொல்லையும், திரையோ எழுத்துப் பலகையோ இல்லாத அந்தச் சிறு யந்திரத்தின் காதில் கைப்பேசி போட வேண்டும், இது முதற்படி. அந்தப் பெயருடைய ரவுட்டர் எங்கே இருக்கிறது என்று சாதனம் தானாகக் காற்றில் துழாவிக் கண்டுபிடிக்க வேண்டும், இது இரண்டாவது. கடவுச்சொல்லையும் சங்கேத முறையையும் ரவுட்டர் ஏற்றுக்கொள்வது மூன்றாவது. வீட்டுக்குள் செல்லுபடியாகும் ஓர் எண் விலாசத்தை ரவுட்டர் ஒதுக்கித் தருவது நான்காவது. அந்த விலாசத்தோடு வெளியே சென்று, தன்னைத் தயாரித்த கம்பெனியின் சர்வரைக் கண்டு, இன்னாருடைய கணக்கைச் சேர்ந்த உபகரணம் என்று பதிவு செய்துகொள்வது ஐந்தாவது. செயலியில் தெரியும் தோல்வி எப்போதும் ஒன்றே. ஆனால் ஐந்து படிகளுக்கும் பரிகாரம் வெவ்வேறு.

எந்தப் படி என்று அறிவது கடினமன்று. நம் ஊர்க் கடைகளில் கிடைக்கும் பிளக்குகளில் பெரும்பான்மையானவை, சேரத் தயாராக இருக்கும்போது விளக்கை விநாடிக்கு இரண்டு தடவை வீதம் விரைவாகச் சிமிட்டும். செயலி என்ன முயன்றாலும் அந்தச் சிமிட்டல் சற்றும் மாறவில்லையானால், பெயரும் கடவுச்சொல்லும் அதன் காதில் விழவே இல்லை, நின்றது முதற்படியில் என்று கொள்ளலாம். சிமிட்டல் நின்று, ஒரு நிமிஷம் போல மௌனம் காத்து, மறுபடி சிமிட்டத் தொடங்கினால், செய்தி கிடைத்தது, ஆனால் ரவுட்டரைக் காணவில்லை அல்லது ரவுட்டர் சேர்க்கவில்லை என்று பொருள். இது இரண்டாம், மூன்றாம் படிகளின் லக்ஷணம். அதற்கு மேலே பார்க்க ரவுட்டரின் பட்டியல் வேண்டும். கைப்பேசியின் பிரௌஸரில் 192.168.1.1 என்றோ, ஜியோ ஃபைபர் பெட்டியாக இருந்தால் 192.168.29.1 என்றோ எண்ணை இட்டால் ரவுட்டரின் நிர்வாகப் பக்கம் திறக்கும். உள்ளே போவதற்கான பெயரும் சொல்லும் பெரும்பாலும் பெட்டியின் அடியில் ஒட்டிய காகிதத்தில் அச்சாகியிருக்கும். அங்கே 'இணைந்துள்ள சாதனங்கள்' என்ற பட்டியலில், சாதனத்தின் பெயரோ, 'இ.எஸ்.பி' என்று தொடங்கி எண்களில் முடியும் ஒரு பெயரோ புதிதாக வந்து, அதன் எதிரே ஒரு விலாசமும் காணப்படுமாயின், நான்கு படிகள் கடந்தாயிற்று. அதன்பின் ரவுட்டரையும் கடவுச்சொல்லையும் மாற்றி மாற்றிப் பார்ப்பது வீண் சிரமம்.

இரண்டு அலைவரிசைகள்

என் அபிப்பிராயத்தில் புதிய சாதனங்களின் வழக்குகளில் முதல் இடம் பெறுவது இதுதான் என்பதால், இதைச் சற்று விஸ்தாரமாகவே சொல்ல விரும்புகிறேன்.

வீட்டு ரவுட்டர்கள் இப்பொழுது இரண்டு அலைவரிசைகளில் பேசுகின்றன: 2.4 கிகாஹெர்ட்ஸ் ஒன்று, 5 கிகாஹெர்ட்ஸ் மற்றொன்று. முன்னதன் அலை நீளம் ஏறக்குறைய 12.5 சென்டிமீட்டர், பின்னதன் அலை அதில் பாதிக்கும் குறைவு. நீண்ட அலை சுவரைத் தாண்டிச் சற்றுத் தூரம் போகும், ஆனால் வேகம் குறைவு. குறுகிய அலை வேகத்தில் சிறந்தது, சுவர்களிடம் சீக்கிரம் தோற்றுப்போகும். சினிமா பார்க்கிற டெலிவிஷனுக்கு வேகம் வேண்டும். 'விளக்கை ஏற்று', 'விளக்கை அணை' என்ற இரண்டே கட்டளைகளைக் கேட்டு வாழும் பிளக்குக்கு வேகத்தால் ஆகப்போவது ஒன்றுமில்லை. அதனால்தான், மலிவான சில்லுகளைக் கொண்டு இவற்றைச் செய்யும் கம்பெனிகள் 2.4 மட்டும் தெரிந்த சில்லுகளையே வைக்கின்றன. ஷாங்காயிலுள்ள எஸ்பிரெஸிஃப் நிறுவனம் 2014-ஆம் ஆண்டில் வெளியிட்ட இ.எஸ்.பி.8266 என்ற சில்லு, உலகெங்கும் எண்ணற்ற பிளக்குகளிலும் பல்புகளிலும் குடிகொண்டிருக்கிறது. அதற்கு 5 கிகாஹெர்ட்ஸ் என்று ஒன்று இருப்பதே தெரியாது.

இதில் சங்கடம் எங்கே வருகிறதென்றால், ஃபைபர் இணைப்போடு வரும் ரவுட்டர்களில் அநேகம் இரண்டு அலைவரிசைகளுக்கும் ஒரே பெயரைச் சூட்டி, எந்தச் சாதனம் எதில் போக வேண்டுமென்பதைத் தாமே தீர்மானிக்கும் ஏற்பாட்டுடன் வருகின்றன. கைப்பேசி ரவுட்டருக்கு அருகில் இருந்தால் 5-இல் ஏறி அமர்ந்துவிடும். பிளக்கோ 2.4-இல் காதைத் தீட்டிக்கொண்டிருக்கும். பெயரையும் கடவுச்சொல்லையும் காற்றிலேயே தூவி அனுப்பும் 'ஈ.இசட். மோட்' என்ற முறையில் இவ்விரண்டும் ஒன்றையொன்று சந்திக்காமல் போவது மிகச் சகஜம். சாதனம் பழுது என்று கடைக்குத் திரும்பிச் செல்லும் பிளக்குகளில் பல எந்தப் பழுதும் அற்றவை என்பதே என் துணிபு.

இதற்குச் செய்யத் தக்கது, ரவுட்டரின் நிர்வாகப் பக்கத்தில் 'பேண்ட் ஸ்டீரிங்' அல்லது 'ஸ்மார்ட் கனெக்ட்' என்று காணும் ஏற்பாட்டை நிறுத்தி, இரு அலைவரிசைகளுக்கும் இரு பெயர்களை வைத்து, 2.4-இன் பெயரில் கைப்பேசியைச் சேர்த்துக்கொண்டு சாதனத்தைச் சேர்ப்பதுதான். நிர்வாகப் பக்கத்துக்குள் போக மனமில்லாதவர்கள், ரவுட்டரை விட்டு இரண்டு மூன்று சுவர்களைத் தாண்டி, கொல்லைப்புறத்திலோ மொட்டை மாடியிலோ பிளக்கையும் கைப்பேசியையும் கொண்டுபோய் முயலலாம்; 5 கிகாஹெர்ட்ஸ் அங்கே எட்டாதபடியால் கைப்பேசி தானாகவே 2.4-க்கு இறங்கி வரும். சேர்ந்து முடிந்தபின் கைப்பேசி எந்த அலைவரிசையில் இருந்தாலும் பிளக்கை இயக்கலாம். இரண்டும் ஒரே வீட்டு வலைதான். இதை அறியாமல், பிளக்கை உத்தேசித்துக் கைப்பேசியையும் டெலிவிஷனையும் என்றென்றைக்கும் 2.4-இலேயே ஓட்டி, சினிமா நின்று நின்று ஓடுகிறதென்று வருந்துகிறவர்களும் உண்டு. அது அவசியமில்லாத தியாகம். புளூடூத் வழியாகப் பெயரும் சொல்லும் கேட்டுக்கொள்ளும் சாதனங்களுக்கு முதற்படியில் இந்தத் தொல்லை இல்லை, எனினும் இரண்டாம் படியில் அவை தேடப்போவதும் 2.4-ஐத்தான், அது அணைந்து கிடந்தால் அவையும் திரும்பி வந்து சிமிட்டும்.

2.4-க்குள்ளேயே சானல்கள் என்ற உட்பிரிவு உண்டு. இந்தியாவில் 1 முதல் 13 வரை அனுமதி. அமெரிக்காவில் 11 வரையே வழக்கம். அமெரிக்க அமைப்போடு வந்த சாதனம் ஒன்று, 12-இலோ 13-இலோ பேசிக்கொண்டிருக்கும் ரவுட்டரைக் காணவே காணாது. வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவந்த உபகரணங்களில் இதைப் பார்க்க வேண்டும். சானல்கள் ஐந்தைந்து மெகாஹெர்ட்ஸ் இடைவெளியில் இருந்தாலும், ஒவ்வொன்றும் பேசுவதற்குச் சுமார் 20 மெகாஹெர்ட்ஸ் அகலம் எடுத்துக்கொள்கிறபடியால், ஒன்றோடொன்று மோதாதவை 1, 6, 11 என்ற மூன்றே. ரவுட்டரைத் 'தானியங்கி' என்று விடாமல் இம்மூன்றில் ஒன்றில் நிறுத்தி, அகலத்தையும் 40 என்றிருந்தால் 20 ஆக்கிவிடுவது, அடுக்குமாடிக் குடியிருப்புகளில் குறிப்பாக நல்ல பலன் தரும்.

பெயர், கடவுச்சொல், காவல்

வைஃபையின் பெயர் 32 பைட்டுகளுக்கு மேல் போகலாகாது என்பது விதி. ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட்டு ஆகிறது. தமிழிலோ எழுத்துக்கும், அதன் மேல் ஏறும் புள்ளிக்கும், கொம்புக்கும், காலுக்கும் தனித்தனியே மும்மூன்று பைட்டுகள் ஆகின்றன. 'முருகன்' என்று வைத்தால் 21 பைட்டில் அடங்கும். 'மீனாட்சி இல்லம்' என்று வைக்க ஆசைப்பட்டால் 43 ஆகி, ரவுட்டர் அதை மறுத்துவிடும், அல்லது பாதியில் வெட்டிவிடும். அடங்குகிற தமிழ்ப் பெயரைக்கூடச் சில மலிவுச் சாதனங்களின் செயலிகள் சரியாக அனுப்புவதில்லை. தாய்மொழிப் பற்றுள்ளவர்களுக்கு இது சற்று வருத்தம் தரும் புத்திமதிதான். ஆயினும் சாதனங்கள் அதிகமுள்ள வீட்டில் ஆங்கில எழுத்தும் எண்ணும் மட்டும் கொண்ட, இடைவெளியும் மேற்கோள் குறியும் இல்லாத ஒரு சிறு பெயரே பல உபத்திரவங்களைத் தவிர்க்கும். பெயரை மறைத்து வைத்திருப்பவர்கள், சேர்க்கும் வரையிலாவது அதை வெளிப்படுத்தி வைக்க வேண்டும்.

கடவுச்சொல் 8 முதல் 63 எழுத்துகள் வரை இருக்கலாம். இங்கே நேரும் பிழைகள் அற்பமானவை, ஆனால் கண்ணுக்குத் தப்புகிறவை: கைப்பேசியின் எழுத்துப் பலகை முதல் எழுத்தைத் தானாகப் பெரிய எழுத்தாக்கிவிடுவது, வேறிடத்திலிருந்து நகலெடுத்து ஒட்டும்போது கடைசியில் ஓர் இடைவெளி ஒட்டிக்கொண்டு வருவது, பூஜ்யமும் ஆங்கில 'ஓ'வும் குழம்புவது. செயலியில் கடவுச்சொல்லைக் காட்டும் கண் அடையாளத்தைத் தொட்டு, ஒவ்வோர் எழுத்தாக வாசித்துப் பார்த்துவிட்டு மேலே போவது நலம். மற்றக் கருவிகளை எல்லாம் ஏற்ற ரவுட்டர் இதை மட்டும் ஏற்க மறுக்கிறதென்றால், முதற் சந்தேகம் இதன் மேல்தான் விழ வேண்டும்.

இரண்டாவது சந்தேகம் சங்கேத முறையின் மேல். 2004-இல் வந்த டபிள்யூ.பி.ஏ.2 என்ற முறையை ஏறக்குறைய எல்லாச் சாதனங்களும் அறியும்; 2018-இல் அறிவிக்கப்பட்ட டபிள்யூ.பி.ஏ.3 முறையைப் பழைய சில்லுகள் அறியா. ரவுட்டர் மூன்றை மட்டும் ஏற்கும் நிலையில் இருந்தால் அவற்றுக்குக் கதவு திறக்காது. இரண்டும் மூன்றும் கலந்த நிலையில்கூட, எல்லாமல்ல, சில சாதனங்கள் தடுமாறி நிற்பதுண்டு. 2.4 கிகாஹெர்ட்ஸுக்கு மட்டும் 'டபிள்யூ.பி.ஏ.2, ஏ.இ.எஸ்.' என்று வைத்துவிடுவது போதும். 5-இல் மூன்றையே வைத்துக்கொள்ளலாம். அதற்கும் பிடிவாதம் பிடிக்கும் பழைய சாதனம் இருந்தால், அதே பக்கத்தில் 2.4-இன் வகையை 802.11 'பி, ஜி, என்' என்று குறைத்து, வைஃபை 6 என்று வழங்கும் 'ஏ.எக்ஸ்' வகையை நீக்கிப் பார்க்கலாம். ஆனால் காவலையே எடுத்துவிட்டு, கடவுச்சொல் இல்லாத திறந்த வைஃபையாக வைக்கச் சொல்லும் யோசனைகளைக் கேட்க வேண்டாம்.

மாற்றங்களை ஒவ்வொன்றாகச் செய்ய வேண்டும் என்பதை இங்கே நினைவூட்டுவது பொருந்தும். நான்கு அமைப்புகளை ஒருசேர மாற்றி, சாதனம் சேர்ந்தும் விட்டால், நான்கில் எது காரணம் என்று தெரியாமல், வேண்டாத மூன்று மாற்றங்களோடும் வாழ நேரிடும்.

கைப்பேசி செய்யும் குறும்பு

சாதனத்தையும் ரவுட்டரையும் விசாரிக்கிறவர்கள் கைப்பேசியை நிரபராதியென்று விட்டுவிடுவது வழக்கம், அது நியாயமன்று. சுற்றியுள்ள வைஃபை பெயர்களைக் கொண்டு ஒருவர் எங்கே இருக்கிறார் என்று ஊகித்துவிடலாம் என்கிற காரணத்தால், 2015-இல் வந்த ஆண்ட்ராய்டு 6 முதற்கொண்டு, அப்பெயர்களைத் தேடும் செயலிக்கு இருப்பிட அனுமதி வேண்டுமென்ற நிபந்தனை ஏற்பட்டது. ஐபோனில் 2020-இல் வந்த ஐ.ஓ.எஸ்.14 முதல், வீட்டு வலையிலுள்ள மற்றக் கருவிகளைப் பார்ப்பதற்கே தனி அனுமதி கேட்கப்படுகிறது. பிளக்குக்கு என் இருப்பிடம் எதற்கு என்று ஜாக்கிரதையாக மறுத்துவிட்டு, அதைச் செய்ததையே மறந்துபோன ஒருவருக்கு, செயலி 'சாதனம் எதுவும் காணவில்லை' என்று சொல்லிக்கொண்டே இருக்கும். அவருடைய ஜாக்கிரதை தவறன்று. சேர்க்கும் நேரத்துக்கு மட்டும் அனுமதித்து, பின்னர் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம். வி.பி.என். ஓடிக்கொண்டிருந்தால் அதையும் அந்த நேரத்துக்கு நிறுத்தி வைக்க வேண்டும்.

ஈ.இசட். முறை பலிக்காதபோது 'ஏ.பி. மோட்' என்ற இன்னொரு முறை உண்டு. பொத்தானை மறுபடி நீள அழுத்தினால் விளக்கு மெதுவாகச் சிமிட்டும். அப்போது சாதனமே தற்காலிகமாக ஒரு சிறு வைஃபையை உண்டாக்கும். கைப்பேசியை அதில் சேர்த்தால் பெயரும் கடவுச்சொல்லும் நேருக்கு நேராகப் போய்ச் சேரும். நேர்த்தியான முறைதான், ஆனால் அந்தச் சிறு வைஃபையில் இன்டர்நெட் இல்லை என்று கண்ட கைப்பேசி, எஜமானருக்கு உபகாரம் செய்வதாக எண்ணிச் சொல்லாமல் கொள்ளாமல் சிம் கார்டின் டேட்டாவுக்குத் தாவிவிடும், செயலி அனுப்பும் செய்தி சாதனத்துக்குப் போகாமல் ஆகாயத்துக்குப் போகும். மொபைல் டேட்டாவை அந்த இரண்டு நிமிஷத்துக்கு நிறுத்திவிட்டு, 'இன்டர்நெட் இல்லை, தொடர்ந்து இணைந்திருக்கவா' என்று கேட்கும் கேள்விக்கு 'ஆம்' என்று சொன்னால் காரியம் முடியும். ஈ.இசட். முறையில் சேர மறுத்த பல பிளக்குகள் இந்த வழியில் சாதுவாகச் சேர்ந்துவிடுகின்றன.

குற்றம் எந்தப் பக்கம் என்று இன்னும் தெளியாதவர்களுக்கு ஒரு பரீட்சை சொல்கிறேன். வீட்டிலுள்ள இரண்டாவது கைப்பேசியில் ஹாட்ஸ்பாட்டைத் திறந்து, அதை 2.4-இல் இருக்கச் செய்து (ஐபோனில் 'அதிகப் பொருத்தம்' என்ற பொருளில் காணும் விசையை இயக்கினால் இது நடக்கும்), செயலியுள்ள கைப்பேசியை அந்த ஹாட்ஸ்பாட்டில் சேர்த்து, சாதனத்தையும் அதிலேயே சேர்த்துப் பாருங்கள். அங்கே சேர்ந்தால் சாதனம் நல்லது. ரவுட்டரின் அமைப்பையே ஆராய வேண்டும். அங்கேயும் சேரவில்லையானால், ரவுட்டரை இனித் தொடாதீர்கள்.

விலாசமும் சுவரும்

விலாசம் தருவது பற்றிய நான்காம் படியில் விசேஷமாகச் சொல்ல அதிகமில்லை. ரவுட்டர் விலாசங்களை ஒரு குறிப்பிட்ட வரம்புக்குள் தவணை முறையில் தருகிறது. வரம்பைச் சிறிதாக வைத்திருந்தாலோ, ஒரு சமயத்தில் 32 சாதனங்கள் என்பது போன்ற எல்லையோடு பெட்டி வந்திருந்தாலோ, கல்யாண வீட்டில் விருந்தினரின் கைப்பேசிகள் நிறைந்த அன்று பிளக்குக்கு இடமில்லாமல் போகும். விருந்தினருக்கென்று தனியே உள்ள 'கெஸ்ட்' வைஃபையில் சாதனத்தைச் சேர்ப்பது பாதுகாப்புக்கு நல்லதென்று சொல்வார்கள், மெய்தான். ஆனால் அந்த வலையில் ஒரு கருவி மற்றொன்றைக் காணாதபடி ரவுட்டர் திரை போட்டிருப்பதால், சேர்க்கும் சமயம் கைப்பேசியும் அதே வலையில் இருந்தும்கூடச் செயலி 'காணவில்லை' என்று சொல்லலாம்.

சுவரின் கதை வேறு. நம் வீடுகளின் கனத்த செங்கல் சுவரும், மாடிக்கும் கீழ்த்தளத்துக்கும் இடையிலுள்ள கம்பி பரப்பிய கான்கிரீட்டும், இரும்பு பீரோவும், நிலைக்கண்ணாடியின் பின்புறப் பூச்சும், தண்ணீர் நிறைந்த தொட்டியும் சிக்னலை நன்றாக விழுங்கும். எல்லாவற்றையும்விட மோசமானது, ஸ்மார்ட் சுவிட்சைச் சுவரிலுள்ள இரும்புச் சுவிட்சுப் பெட்டிக்குள் புதைப்பது. அதன் நாலாபக்கமும் இரும்பு சூழ்ந்து, முன்பக்கத்துப் பிளாஸ்டிக் ஒன்றே அதற்கு ஜன்னல். சிக்னலின் பலத்தை டி.பி.எம். என்ற அளவில், கழித்தல் குறியோடு சொல்வார்கள்: ரவுட்டர் பக்கத்தில் −30 இருக்கும், −67 வரை நிம்மதி, −80-ஐ நெருங்கும்போது சாதனம் சேர்ந்தும் சேராமலும் ஊசலாடும். கைப்பேசியில் இதைக் காட்டும் இலவசச் செயலிகள் உண்டு. ஒன்றை மறக்க வேண்டாம்: உங்கள் கைப்பேசியின் ஆன்டெனாவைவிட அந்தச் சிறு பல்பின் ஆன்டெனா அற்பமானது, கைப்பேசியில் இரண்டு கோடு காட்டுகிற இடத்தில் பல்புக்கு ஒன்றும் கேட்காதிருக்கலாம்.

பிளக்கை ரவுட்டருக்குப் பக்கத்தில் ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகிச் சேருங்கள். அங்கே சேர்ந்து, தன் இடத்துக்குப் போனதும் அறுந்தால் சுவர்தான் எதிரி. அப்பொழுது ரவுட்டரை, இணைப்பு கொடுக்க வந்தவர் தமக்குச் சௌகரியமாக மாட்டிவிட்டுப் போன மூலையிலிருந்து, வீட்டின் நடுப்பகுதிக்கு உயரமான இடமொன்றுக்கு நகர்த்துவதே முதற் செலவாக இருக்க வேண்டும். புதிய ரவுட்டரோ மெஷ் பெட்டிகளோ வாங்குவதைப் பிறகு யோசிக்கலாம். மைக்ரோவேவ் அடுப்பு ஏறக்குறைய 2,450 மெகாஹெர்ட்ஸில், அதாவது இதே வீதியில், வேலை செய்வதால், அது ஓடும்போது மட்டும் சமையலறைப் பிளக் காணாமற்போனால் ஆச்சரியப்பட வேண்டாம்.

முன்பு சேர்ந்து, இப்போது பிரிந்தவை

நேற்று வரை நன்றாக ஓடிய பல்பு இன்று 'ஆஃப்லைன்' என்று காட்டினால், முதலில் சுவரிலுள்ள சுவிட்சைப் பாருங்கள். அறையை விட்டு வரும்போது விளக்கை அணைத்துவிட்டு வரும் நற்பழக்கமுள்ள பெரியவர்கள் இருக்கும் வீட்டில், பல்புக்கு மின்சாரமே போகாதிருக்கும். மின்தடை மற்றொரு காரணம். மின்சாரம் திரும்பியதும் பல்பு சில விநாடிகளில் விழித்துக்கொள்கிறது. ஃபைபர் பெட்டியும் ரவுட்டரும் எழுந்து நிற்க இரண்டு மூன்று நிமிஷம் ஆகின்றன. அதுவரை பொறுத்துத் தேடுகிற சாதனங்களும் உண்டு, சிறிது தேடிவிட்டுச் சோர்ந்து உட்காருகிறவையும் உண்டு. ரவுட்டருக்கு ஒரு சிறிய பேட்டரி யு.பி.எஸ். வைத்துவிட்டால் இந்த வியாதி தீரும். இன்னும் விசித்திரமானது ஒன்று: பல பல்புகளை ரீசெட் செய்யும் முறையே, சுவிட்சை மூன்று முதல் ஐந்து தடவை வரை அடுத்தடுத்துப் போட்டு அணைப்பதுதான். மின்சாரம் வந்து வந்து போகிற மழைக்கால இரவில், மின்கம்பியே அந்த வேலையைச் செய்து முடித்துவிட, காலையில் பல்பு தன்னை அறிமுகப்படுத்தச் சொல்லிச் சிமிட்டிக்கொண்டிருக்கும்.

ரவுட்டரை மாற்றியதால் பிரிந்தவற்றுக்குப் பரிகாரம் மிக எளிது, பலருக்குத் தெரியாது. புதிய ரவுட்டரின் 2.4 கிகாஹெர்ட்ஸுக்குப் பழைய ரவுட்டரில் இருந்த அதே பெயரையும், அதே கடவுச்சொல்லையும், அதே சங்கேத முறையையும், எழுத்து பிசகாமல் வையுங்கள். ரவுட்டர் மாறியதே தெரியாமல் எல்லாச் சாதனங்களும் தாமாக வந்து சேர்ந்துகொள்ளும். இருபது பல்புகளை ஏணி வைத்து ஏறி இறங்கிச் சேர்க்கும் வேலை இதனால் மிச்சமாகிறது.

ரவுட்டரின் பட்டியலில் சாதனம் இருக்கிறது, விலாசமும் இருக்கிறது, எனினும் செயலியில் இல்லை என்றால், ஐந்தாம் படிக்கு, அதாவது வெளி உலகத்துக்கு வந்துவிட்டோம். அதே வைஃபையில் வேறு கருவிக்கு இன்டர்நெட் வருகிறதா என்று பார்த்த பின், செயலியில் கணக்கு தொடங்கியபோது தேர்ந்தெடுத்த தேசம் சரிதானா, வேறொருவரின் கணக்கில் முன்பே இச்சாதனம் பதிவாகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பழைய பொருளாக வாங்கியவற்றில் பின்னது அடிக்கடி நேரும். நாம் திருத்த முடியாத காரணங்களும் இங்கே உண்டு. சர்வரை நம்பலாமா என்று சாதனம் சரிபார்க்கப் பயன்படும் மூலச் சான்றிதழ்களில் ஒன்றான டி.எஸ்.டி. ரூட் சி.ஏ. எக்ஸ்3 என்பது 2021 செப்டம்பர் 30-ஆம் தேதி காலாவதியானபோது, புதுப்பிக்கப்படாத பழைய கருவிகள் பல, வைஃபையில் இருந்தபடியே உலகத்தோடு தொடர்பு இழந்தன. கம்பெனியே கடையைக் கட்டுவதும் உண்டு: கூகுளின் குடும்பத்தைச் சேர்ந்த நெஸ்ட் வாங்கியிருந்த ரிவால்வ் என்ற பெட்டிக்குரிய சேவை 2016 மே மாதத்தில் நிறுத்தப்பட்டது, இன்ஸ்டியான் என்ற அமெரிக்க நிறுவனத்தின் சர்வர்கள் 2022 ஏப்ரலில் முன்னறிவிப்பின்றி அணைந்தன. இத்தகைய சந்தர்ப்பத்தில் வீட்டிலுள்ள எந்தப் பொத்தானை அழுத்தியும் பயனில்லை. வாங்கும்போதே, இன்டர்நெட் இல்லாமலும் வீட்டுக்குள் இயங்குமா என்று விசாரிப்பதும், 2022 அக்டோபரில் வெளியான 'மேட்டர்' என்ற பொது முறையை ஏற்கும் சாதனமா என்று பெட்டியில் பார்ப்பதும் விவேகம். பெட்டியில் 'ஜிக்பீ' என்று இருந்தால் அது வைஃபையில் சேரவே சேராது, தனி ஹப் வேண்டும் என்பதையும் பணம் கொடுக்கும் முன்பே தெரிந்துகொள்ளலாம்.

இவ்வளவும் பார்த்த பிறகுதான் ரீசெட். பொத்தானை ஐந்து விநாடிக்குக் குறையாமல், விளக்கு வேகமாகச் சிமிட்டும் வரை அழுத்தி, செயலியிலிருந்தும் அந்தச் சாதனத்தை நீக்கிவிட்டு, ரவுட்டர் அருகில் வைத்துப் புதிதாகத் தொடங்குங்கள். ஹாட்ஸ்பாட் பரீட்சையிலும் இங்கேயும் ஒருங்கே தோற்றால் சாதனம் பழுதென்று தயங்காமல் முடிவு செய்யலாம். சுவருக்குள் பொருத்திய சுவிட்சாக இருந்தால், எம்.சி.பி.யை இறக்கி, எலெக்ட்ரீஷியனைக் கொண்டு கழற்றச் செய்யுங்கள். கடைக்குத் திருப்பும் முன், விளக்கு எந்த விதத்தில் சிமிட்டியது என்பதை ஒரு சிறு வீடியோவாக எடுத்து வைத்துக்கொண்டால் வாதம் குறையும். உங்கள் கணக்கிலிருந்து அதை நீக்க மறக்க வேண்டாம், நீக்காவிட்டால் அடுத்து வாங்குகிறவரின் வீட்டில் அது ஐந்தாம் படியில் நிற்கும்.